தண்டநாயகரின் நாய் சமரகேசரி கடித்தது குறித்த ஓலை

மழை பிழையாத, மதில் சாயாத நெடுங்கரை நாட்டை ஆண்டருளும் எழினி மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் சேந்தன் காரி, குன்றக் கணவாய்க் கோட்டையில் எல்லை காத்து நிற்கும் தண்டநாயகர் ஆதன் மழவராயர் அவர்களுக்கு எழுதுவது. கோட்டையும் கோட்டையில் உள்ளாரும் குதிரைகளும் நலமாயிருக்க. இங்கே அரசியார் நலம். தங்கள் நாய் சமரகேசரியும் நலம். இன்று காலையில் வைத்த சோற்றை மிச்சமில்லாமல் உண்டது.

தாங்கள் விடுத்த ஓலை சபையில் இருமுறை வாசிக்கப்பட்டது. எல்லைக்குப் புறப்படுமுன் தாங்கள் அரண்மனை நாய்ச்சாலையில் ஒப்படைத்துச் சென்ற சமரகேசரி, அங்கே வேலை செய்யும் சாத்தி என்பவளின் இடக்கையைக் கடித்தது அவள் அதைச் சீண்டியதால்தான் என்றும், ஆகையால் அவளை வேலையிலிருந்து நீக்கி உப்பளத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். தீர விசாரித்து வரும்படி அரசியார் பணித்ததால் மூன்று நாள் நாய்ச்சாலையிலேயே இருந்தேன்.

அந்த இடத்தின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போனால் விஷயம் விளங்காது. அங்கே நாய்கள் நாற்பத்திரண்டு, வேலையாட்கள் ஐவர். ஒரு நாய் குரைத்தால் மற்ற நாற்பத்தொன்றும் காரணம் கேளாமல் குரைக்கும். சாத்தி காலையில் வந்து மலம் அள்ளித் தரையைக் கழுவி முடிப்பதற்குள், முதலில் கழுவிய இடம் மறுபடி கழுவும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணெய்க் கிண்ணத்தில் போடுகிறாள். எசமானரைப் பிரிந்த ஏக்கத்தில் சோறு தொடாத நாய்க்கு எதிரே அமர்ந்து தன் சோற்றைத் தின்கிறாள். அது எழுந்துவந்து முகர்ந்த பிறகே அதன் தட்டை நகர்த்துகிறாள். குளிப்பாட்டி முடித்தால் நாய் உடம்பை உதறும். அருகில் நிற்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை. முதல் நாள் நான் உடுத்திப்போன பட்டு இப்போது வெளுக்கப் போயிருக்கிறது.

நாயை ஒப்படைக்க வருவோரிடம் வாசலில் மூன்று கேள்வி கேட்டு ஓலையில் பதிவது அங்கே வழக்கம். என்ன உண்ணும், எதற்கு அஞ்சும், கடிக்குமா என்பவை அவை. தாங்கள் தங்கள் கையாலேயே எழுதித் தந்த ஓலையைப் பார்த்தேன். உண்பது ஆட்டிறைச்சியும் சோறும் என்றும், இவன் அச்சம் என்பதையே அறியான் என்றும், பகைவரை மட்டுமே கடிப்பான் என்றும் கண்டிருந்தது. இதைச் சாத்திக்கு வாசித்துக் காட்டியபோது, தண்டநாயகருக்கும் எனக்கும் என்ன பகை ஐயா, அவரை நான் பார்த்ததுகூட இல்லையே என்றாள்.

நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். திருவிழாவின் முதல் நாள், சமரகேசரியைக் கயிற்றில் கட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது தெருவழியே முரசு போயிற்று. நாய் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது, கயிறு எட்டவில்லை, கழுத்து இறுகாமலிருக்க அவள் கயிற்றுக்குள் கையை நுழைத்தாள், கடித்துவிட்டது. கயிற்றை அவிழ்த்ததும் கல்தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. அவள் புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாயும்வரை தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். நாய் தானாக வந்தது. கடித்த பிறகு அதன் முழியைப் பார்த்தேன், அது திமிர் முழி இல்லை, பயந்த முழி என்றாள். வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாகப் பேச வசதியில்லை என்றும், உப்பளத்துக்கு அனுப்புவதானால் கைப்புண் ஆறும்வரையாவது பொறுக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டாள்.

தங்கள் வீட்டிலிருந்து நாய்ச்சாலைக்கு இறைச்சி கொண்டுவரும் பணியாளையும் விசாரித்தேன். முதல் தடவை, நாயைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். இரண்டாம் தடவை தரையைப் பார்த்தான். மூன்றாம் தடவை, முரசு கேட்டால் சமரகேசரி எசமானரின் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும் என்றும், கதவை அடைத்து எசமானரே தரையில் உட்கார்ந்து அதன் காதுகளைப் பொத்திக்கொள்வார் என்றும், படைத்தலைவர் வீட்டு நாய் முரசுக்கு நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் வீரர்கள் முன் தலைநிமிர முடியாது என்பதால் வீட்டார் வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டளை என்றும் சொன்னான். தன் பெயர் வெளிவரக்கூடாது என்று வேண்டியதால் எழுதவில்லை. இறைச்சி கொண்டுவருபவன் ஒருவன்தான் என்பதால், அவனை ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று அரசியார் தனியே ஆணையிட்டிருக்கிறார்கள்.

இவை சபையில் வாசிக்கப்பட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் இருமினார்கள். அரசியார் தம்முடைய நாய் கோமளத்தின் ஓலையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் அஞ்சுவது ஒன்றுமில்லை என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தது. எழுத்தாணியை வாங்கி அதை அடித்து, கீழே வெண்கொற்றக்குடை என்று எழுதினார்கள். நாய்ச்சாலைக்கு மட்டும் அரசியார் குடையின்றி நடந்து போவதை எளிமை என்றே ஏழாண்டாக நினைத்திருந்தோம். அதைப் பாராட்டி ஒரு புலவர் பரிசும் பெற்றிருக்கிறார். மறுநாள் காலை, ஓலை திருத்த வேண்டும் என்று பதினோரு அமைச்சர்கள் நாய்ச்சாலை வாசலில் நின்றார்கள். நானும் நின்றேன். என் நாய் பூனைக்கு அஞ்சும்.

ஆகவே ஆணையாவது: சாத்தி தன் வேலையிலேயே இருப்பாள், புண் ஆறும்வரை நீரில் கை வைக்க வேண்டியதில்லை. சமரகேசரியின் ஓலை இத்துடன் வருகிறது. இரண்டாம் கேள்விக்குக் கீழே ஒரு வரி இடம் விடப்பட்டுள்ளது; தாங்களே நிரப்பி, இதைக் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்ப வேண்டும். ஆவணித் திங்களில் தாங்கள் தலைநகர் திரும்புகையில், வடக்கு வாயிலிலிருந்து நாய்ச்சாலைவரை முரசு ஒலிக்காது. அடிப்பவர்களுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. நாய்ச்சாலை வாசலில் சாத்தி சமரகேசரியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முரசில்லாமல் வருவதைத் தாங்கள் குறைவாக எண்ண வேண்டா. வருவது யார் என்று அதற்குத் தெரியும்.

எழினி மாதேவியார் ஆட்சியாண்டு பதினொன்று, ஆனித் திங்கள் ஏழாம் நாள், அரசியார் கேட்டு ஆமென்றபின் நண்டு இலச்சினை இட்டுக் கட்டியது. இப்படிக்கு ஓலைநாயகம் சேந்தன் காரி எழுத்து.