பெயின்ட்டுக்குப் பதில் சீட்டு

அன்புள்ள க்ளெனிஸ்,

கடைசியில் அந்தப் பழைய காரை வாங்கிவிட்டேன். இன்வர்னெஸ்ஸில் நான் நலம்; உன் மூட்டுவலி குறைந்ததா?

நம் கராஜில் கட்டப்போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இதன் இன்ஜினும் கியர்பாக்ஸும் போதும், மற்றதெல்லாம் துரு. ஓட்டிப் பார்த்தபோது என் கால் காரின் துருப்பிடித்த தரையைப் பொத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. கணுக்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

டிராக்டர் விற்றுப் பழகிய வாய், சும்மா இருக்குமா? "தரையே இல்லாத வண்டிக்கு ஆயிரத்து இருநூறா?" என்று முகத்தைச் சுளித்தேன்.

விற்ற ஹேமிஷ் சிரித்தார். "யாருகிட்டய்யா கதை விடுற? இன்ஜினைப் புது சேஸிஸ் சட்டத்துல ஏத்தப்போறவனுக்குப் பழைய தரை எதுக்கு? சீட்டு ரெண்டும் வேணுமா?"

"ஒண்ணு போதும். இன்னொண்ணு அடுத்த வருஷம்."

"அதுவரைக்கும் வீட்டம்மா எங்க உக்காருவாங்க? உன் மடியிலயா?"

சீட்டு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேலைக்காக இங்கே வந்ததிலிருந்து ஆறு மாதமாக எதிரே ஆளில்லாமல் சாப்பிடுகிறேன், காரிலும் அப்படியா? புதுக் காருக்கு மொத்தச் செலவு மூவாயிரம் பவுண்டுக்கு மேல் ஒரு பென்னி கூடாது என்று நீ சொன்னதை மீறவில்லை. பெயின்ட்டுக்கு ஒதுக்கியதில் கை வைத்தேன். முதல் வருஷம் நம் கார் வெறும் அலுமினியமாகத்தான் ஓடும்.

கராஜ் கதவின் அகலத்தை அளந்து எழுது. ஞாயிறு என்ன சமைத்தாய், யார் வந்தார்கள் என்பதையும் எழுது, நீளமாகவே. தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

பேரம் இதுதான்: கதவுகளும் பானெட்டும் ஹேமிஷுக்கே, மீதி எல்லாம் நமக்கு, இரண்டு சீட்டும் சேர்த்துத் தொள்ளாயிரம் பவுண்டு.

உன்
டெஸ்மண்ட்