பயிர் இல்லாத படம்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

இணைய ஓவியத் தளத்தில் இரண்டு வருடமாக என் படங்களைச் சீண்ட ஆளில்லை. இன்று ஒரே நாளில் எத்தனை பேர் பின்தொடர வந்துவிட்டார்கள்! மழையில் முழுகிய எங்கள் சம்பா வயலைத்தான் மதியம் வரப்பில் நின்று வரைந்து போட்டேன். தண்ணீரில் வானம் முழுசாக விழட்டும் என்று, மேலே தெரிந்த பயிர் நுனிகளை மட்டும் வரையாமல் விட்டுவிட்டேன். "என்ன ஒரு அமைதி" என்று யார் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

தண்ணீர் இறைக்க மோட்டார் கேட்டு நீடாமங்கலம் போயிருந்த என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்ததும், ஆசையாகப் போனை நீட்டினேன். பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"நுனிகூடத் தெரியலயே. மொத்தமும் முழுகிடுச்சா?"

"இல்லைங்க, தெரியுது. படத்துல நான்தான் போடல."

"ஏன் போடல?"

கேட்டுவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் வயலுக்குப் போனார். திரும்பி வந்து, "தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தளத்தில் இதே மாதிரி தினமும் ஒன்று போடச் சொல்லிக் கேட்கிறார்கள். உடம்பு அலுப்பாக இருக்கிறது. பக்கத்தில் அவர் புரண்டுகொண்டே இருக்கிறார். நாளைக்கே தண்ணீர் வடிந்துவிட்டால் எதை வரைவது என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.