பாதிரியார் வீட்டின் மூன்றடி

அக்டோபர் 7, 2024
பாகலூர் சாலைப் பக்கம் ஹரீஷ்குமார் வாங்கியிருக்கும் பழைய பாதிரியார் வீட்டை அளக்கப் போனேன். பாதிரியார்கள் காலி செய்து நாற்பது வருடம். இப்போது முனிலட்சுமியக்கா அங்கே காப்பகம் நடத்துகிறார்: கம்பெனி ஷிஃப்டுக்குப் போகும் பெண்களின் குழந்தைகள், இருபத்திரண்டு பேர். வீடு உறுதியா என்று இன்ஜினியராக நான் எழுதித் தர வேண்டும்.

“இல்லைன்னு எழுதுங்க மேடம், குடோன் கட்டணும்” என்றார் ஹரீஷ்குமார்.

இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர். வளைவுகளில் ஒரு கல்கூட அசையவில்லை. எப்படி எழுதுவது?

அக்டோபர் 8
வெளியே நாற்பத்திரண்டு அடி. உள்ளே அறை, சுவர் எல்லாம் கூட்டினால் முப்பத்தொன்பது. மூன்று முறை அளந்துவிட்டேன். மூன்றடி எங்கே?

அக்டோபர் 10
கூடத்துச் சுவரைத் தட்டினேன். ஓரிடத்தில் உள்ளே வெற்றிடம். குளிர்காயும் அடுப்பு! ஓசூர்க் குளிருக்குக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்த யாரோ முன்பக்கத்தை அடைத்து, மறுபக்கம் அலமாரிக்காக அதைத் தாங்கும் அடிச்சுவரையும் வெட்டியிருக்கிறார்கள். மேலே புகைக்கூண்டு அந்தரத்தில் நிற்கிறது. அதன் கீழேதான் மதியம் பாய் விரித்துக் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

மற்றதெல்லாம் பாறை மாதிரி. அப்படியென்றால் இந்த வீடு உறுதியா, இல்லையா?

அக்டோபர் 11
இரண்டையும் எழுதினேன். வீடு உறுதி. புகைக்கூண்டை இறக்கும்வரை கூடத்தில் யாரும் இருக்கக் கூடாது.

முதல் வரியை ஹரீஷ்குமார் படித்த மாதிரியே தெரியவில்லை. அக்காவும்தான்.

“நீயும் அவுங்க ஆளுதானா? இத்தினி புள்ளைங்கள எங்க கூட்டினு போவேன்?”

நான் என்னதான் பண்ணியிருக்கணும்? பேசாம வந்திருக்கணுமா?

அக்டோபர் 12
குழந்தைகள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில்.

அக்டோபர் 16
இரண்டு நாளாக மழை. மதியம் ஒன்றரை மணிக்குப் புகைக்கூண்டு கூடத்துக்குள் இறங்கிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. யாருமே இல்லை.

சாயங்காலம் ஹரீஷ்குமார் போன் செய்தார். “பாத்தீங்களா? நீங்க எழுதினதுதானே! மொத்தமா இடிச்சிடறேன்.”

நான் அதை எழுதலையே. எழுதினேனா?

அக்டோபர் 28
இடித்தார்கள். வளைவுகளைப் பெயர்க்க ஜேசிபிக்கு இரண்டு நாள் ஆனது.

நவம்பர் 9
பேசாமலே இருந்த முனிலட்சுமியக்கா இன்று கூப்பிட்டார்.

“வேற வூடு ஒண்ணு பாத்திருக்கேன். நீ வந்து பாத்து சரின்னா தான் புள்ளைங்கள உள்ள வுடுவேன்.”

நாளை காலை பத்து மணிக்குப் போகிறேன்.