ப்ரேபன் வரும் குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் தீவில் காற்று அடங்கியதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டென்மார்க்கில் நான் சௌக்கியம்.

சிரிக்க ஒரு சங்கதி. நிலக்கரியைக் கைவிட்ட எங்கள் நகராட்சி, இப்போது தகன நிலையத்தின் சூட்டையும் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறது. அந்தக் குழாய்க்கு வெல்டிங் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. நகர்மன்றத்தில் அதற்காகச் சண்டை பிடித்தவர் என் வீட்டுக்காரம்மா டோர்த்தே. "செத்தவங்க கோவிச்சுக்கவா போறாங்க?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தார். போன மாதம் அவர் கணவர் ப்ரேபனை அங்கேதான் தகனம் செய்தோம்.

இப்போது டோர்த்தே தினமும், அந்தக் குழாய் வந்து சேரும் கூடத்து ஹீட்டர்மேல் கைவைத்து, "உசுரோட இருந்தப்ப எட்டு மணிக்கு முன்னால எழுந்திரிச்சிருக்கீங்களா? இப்ப மட்டும் விடியறதுக்குள்ள வந்துடறீங்க!" என்று திட்டுகிறார். நானும் சிரித்துவைப்பேன்.

எனக்குக் கம்பளிக் காலுறை வேண்டும், தடிமனாகப் பின்னுங்கள். குளிர் ஒன்றுமில்லை. என் அறை ஹீட்டரைத் திருகி மூடி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை, மூடிய ஹீட்டர் இளஞ்சூடாக இருந்தது. திருகு தேய்ந்திருக்கும் என்றேன். டோர்த்தே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "அது அவர் படுத்திருந்த ரூம்டி," என்றார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. காலுறையைத் தபாலில் போட வேண்டாம் அம்மா. முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள் ரான்வா