வளவுப் புத்தகத்தில் ஒரு பெயர்

ஹேர்னிங்,
4.11.1987

அன்பின் பெரியண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்கும், உங்களோடு வளவில் இருக்கும் என் பற்றிமாவின் சுகத்துக்கும், எங்கள் மகள் மேரிசெலினின் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு டென்மார்க்கில் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஒன்பதாம் தலைமுறை உடையார் வாரிசு இங்கே துணித் தொழிற்சாலையில் தள்ளுவண்டி தள்ளுகிறான். சிரிக்க வேண்டாம்.

மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடக் குடிவரவுக் கந்தோரில் மனுக் கொடுத்திருக்கிறேன். கலியாணப் பதிவு கோயிலோடு எரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். சத்தியக் கடதாசி வைத்தேன். அதோடு பழைய எழுத்து ஏதும் இருந்தால் நல்லது என்றார்கள். உடனே நம் வளவுப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. எந்தக் குடும்பத்து ஆட்கள் நாங்கள் என்று இவர்களும் ஒருமுறை பார்க்கட்டுமே. நம் தலைமுறை வரிசையைப் படியெடுத்து அனுப்புங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
பேனாட்

*

உடையார் வளவு, முருங்கன்,
2.12.1987

அன்புத் தம்பி பேனாட்டுக்கு,

தேவமாதா துணை. இப்போதாவது வளவின் அருமை தெரிந்ததே. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். குளக்கட்டில் இன்று ஆமிக்காரன் முகாம் அடித்திருக்கிறான். ஆனாலும் மதகு திறந்தால் முதல் தண்ணீர் யாருடைய வயலுக்கு என்று ஊரில் கேட்டுப் பார்.

ஒன்பது தலைமுறையையும் நானே மை தொட்டு எழுதினேன். நான்கு நாள் பிடித்தது. கீழே 'மரியரட்ணம் உடையார்' என்று கையொப்பமிட்டு, அப்பாவின் முத்திரையும் குத்தினேன். உனக்கு ஏன் அலைச்சல் என்று உன் மனு இலக்கத்தைப் போட்டு நேரே அந்தக் கந்தோருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பற்றிமா வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். புத்தகம் பெண்கள் கையில் போவதில்லை என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன்,
மரியரட்ணம்

*

ஹேர்னிங்,
19.3.1988

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் எழுத்து மொழிபெயர்ப்புக்குப் போனது. மொழிபெயர்த்தவர் ரண்டர்ஸில் இருக்கும் அல்பேட், மன்னார் ஆள்தான். என்னைத் தேடி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, குறை நினைக்காதையும். இதில உமக்கு மனிசியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு வயல்தான் இருக்கு."

வாசித்தேன். 'பேனாட்: விவாகத்தால் சேர்ந்தது தாமரைக்குளத்து வயல், ஆறு ஏக்கர்.' அவ்வளவுதான். அம்மாவைத் தேடினேன். அவவும் பதினொரு ஏக்கராகத்தான் இருக்கிறா. சின்ன வயதில் எத்தனை தரம் அப்பா வாசிக்கக் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் இது என் காதில் உறைக்கவில்லையே.

மனைவியின் பெயர் எங்கே, மகளின் பெயர் எங்கே என்று கந்தோர் கடிதம் போட்டிருக்கிறது. அண்ணை, நான் வயலையா கூப்பிடுகிறேன்? இரண்டு பெயரையும் எழுதித் திரும்ப அனுப்புங்கள். எங்கள் ஆட்களின் கோப்புகளை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று இங்கே ஒரு கதை அடிபடுகிறது. உண்மையோ பொய்யோ தெரியாது. ஒருவருடைய குடும்பமும் வந்து சேரவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

தம்பி,
பேனாட்

*

முருங்கன்,
30.4.1988

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்று யோசி. அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு படி இருக்கிறது. இப்போது பெயர் சேர்த்து இன்னொன்று அனுப்பினால் கள்ள எழுத்து என்று முதலாவதையும் அல்லவா தூக்கி எறிவார்கள்? அதோடு, ஒன்பது தலைமுறையாக ஒருவரும் செய்யாததை நான் எப்படிச் செய்வது?

இந்தப் புத்தகத்தில் பெண்களின் பெயர் எழுதும் இடம் ஒன்றுதான். வளவுச் சேமக்காலையில் அடக்கமானவர்களின் பட்டியல். அது நமக்கு வேண்டாம்.

பற்றிமா என்னோடு கதைப்பதில்லை. மேரிசெலின் மட்டும் வந்து, "பெரியப்பா, டென்மார்க்குக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது, சொல்?

அண்ணன்,
மரியரட்ணம்

*

முருங்கன்,
27.2.1989

என் தம்பி பேனாட்,

தந்தி போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பற்றிமா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் வலிப்பு. ஊரடங்கு. மாட்டு வண்டியில் வெள்ளைத் துணி கட்டி, அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பாலத்தில் ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள். நான் உடையார் என்றேன். என் வாயால் வேறு ஒன்றும் வரவில்லை. அவர்களுக்கு அது என்ன விளங்கும்? விடியும் வரை வண்டியிலேயே இருந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு எழுதுங்கோ, நான் கோவிக்கேல்லை" என்றாள்.

அடக்கப் பட்டியலில் எழுதினேன். 'பற்றிமா, பேனாட்டின் மனைவி.' பிறகு பக்கத்தைத் திருப்பி, உன் பெயருக்குக் கீழே 'மகள் மேரிசெலின்' என்றும் எழுதினேன். எழுத்துக் கோணல். இரண்டு பக்கத்தையும் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்ட அத்தாட்சி.

என்னை மன்னிப்பாயோ தெரியாது.

மரியரட்ணம்

*

ஹேர்னிங்,
20.3.1989

அண்ணைக்கு,

தந்தி வரவில்லை. உங்கள் கடிதம்தான் வந்தது. அது வந்து மூன்றாம் நாள் கந்தோர்க் கடிதமும் வந்தது. அனுமதி. ஒதுக்கி வைத்திருந்த கோப்புகளை இப்போதுதான் திறந்தார்களாம். வளவுப் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் சத்தியக் கடதாசியையே ஏற்றுக்கொண்டார்கள்.

பிழை உங்களுடையது மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்தைக் காட்ட ஆசைப்பட்டவன் நான்தான். ஆனாலும், புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாளே அண்ணை, அதை நினைக்க நினைக்க என்னால் தாங்க முடியவில்லை.

பிள்ளையைப் பங்குச் சாமியாரோடு கொழும்புக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் வெட்டி அனுப்பிய பக்கங்களைத் திருப்பி அனுப்புகிறேன். இனி என் பெயருக்குக் கீழே ஒன்றும் எழுத வேண்டாம்.

அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றும் இத்துடன் இருக்கிறது. அவளின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். டெனிஷ் மொழிதான், ஆனாலும் பெயரை வாசிக்கலாம். இரண்டு பேருக்கும் தந்திருக்கிறார்கள். அவளுடைய பெயர்தான் முதலில் இருக்கிறது, மனைவி என்று. பக்கத்தில் வயல் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பற்றிமாவின் கணவன்,
பேனாட்