சிமெண்டுக்குள் உன் கார்னெட் கல்

ஏளா,

நீ போனபின் முதல் தடவையாக இன்று காலை முத்தையாபுரத்தில் உன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வண்டி ஏற்றுவதற்கென்று புதிதாக ஒரு சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் சிவப்புச் சிவப்பாக என்னமோ வெயிலில் மின்னியது. குனிந்து பார்த்தேன். உன் கல்! நீ ஜியாலஜி சொல்லிக்கொடுத்த கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, அதே கல்.

உன் தம்பியைக் கூப்பிட்டேன். "கல்லுதானக்கா, சும்மா கெடந்துச்சு. வண்டி ஏறணும்லா" என்று பல்லைக் காட்டினான்.

சும்மாவா கிடந்தது? கயத்தாறு பக்கத்துக் குவாரியில் ஜல்லி மெஷினுக்குப் போக இருந்ததை நீ சண்டை போட்டு வாங்கினாய். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். கண்டக்டர், "இத வச்சு வீடா கெட்டப் போறிய?" என்றார். விட்டாயா நீ? "அண்ணாச்சி, இது ஒரு காலத்துல கடலடிச் சேறு. கண்டமும் கண்டமும் மோதுனதுல மலைக்கடியில போயி வெந்து, திரும்ப மேல வந்திருக்கு. இந்தச் செவப்பு மணிக்குப் பேரு கார்னெட்டு, அம்புட்டு ஆழத்துல, அம்புட்டுச் சூட்டுல வெளைஞ்சது. இதே மாதிரிக் கல்லு இலங்கையிலயும் இருக்கு, மடகாஸ்கர்லயும் இருக்கு. அப்ப எல்லாம் ஒட்டிக் கெடந்த ஒரே தரை!" என்று பாடமே எடுத்துவிட்டாய். "அப்ப இதுக்குப் பாஸ்போர்ட்டுல்லா கேக்கணும்" என்றார் அவர். தூத்துக்குடி வரும்வரை உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கல்லை எடுத்துக் கொடுடா என்றேன். புதுசாகப் போட்டதை உடைக்க முடியாதாம். அதோடு விட்டானா? "எங்கக்கா கல்லு மாதிரிப் பொறுமைசாலி. இதுக்கெல்லாம் கோவப்பட மாட்டா" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. துறைமுகத்துப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் இதையே நானும் சொல்லி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே. "ஏளா, கல்லு எங்க பொறுத்துச்சு? அழுத்தம் வந்துச்சு, சூடு வந்துச்சு, வேற ஆளா மாறிட்டு. இனி எவளாவது என்னயக் கல்லுன்னு சொன்னா செருப்பு பிஞ்சிரும்" என்றாய். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் இவனை ஆளாக்கியவள் நீ. அந்தக் கோபத்தை நீ ஒருநாளும் விழுங்கவில்லை. சத்தமாகத்தான் சொன்னாய். இவன்தான் அதைக் காதில் வாங்கவே இல்லை, பாவி.

பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கினேன். அவன் "யக்கா, யக்கா" என்று குதித்தான். தெருவே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும். ஒரு மூலை சில்லுச் சில்லாகப் போய்விட்டது ஏளா, திட்டாதே. மீதி வந்துவிட்டது.

நாளைக்குக் கல்லூரியில் கல்லைக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். உன் கோபத்தை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன். உன் வீட்டில் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.