விலாவுக்குத் தைத்த கச்சை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், பிறந்து இருபது நாளே ஆன நம் சின்ன ராணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், ஆனால் அந்தச் சுகத்தில் ஓரிடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது, அதை உன்னிடம் மறைத்துவிட்டோம். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுவாய், அதைக் கேட்டு அம்மாவும் அழுவாள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

ஐந்து வாரத்துக்கு முன்னால் கடையில் மேல் அலமாரியிலிருந்து கோட்டுத் துணி எடுக்க ஸ்டூலில் ஏறினேன், இறங்கும்போது கால் தவறி கட்டிங் மேஜை விளிம்பில் இடது பக்கமாக விழுந்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் எட்டாவது, ஒன்பதாவது விலா எலும்பில் கீறல். மாவுக்கட்டு எதுவும் போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்து, நன்றாக மூச்சு இழுத்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. விட்டுப்போன இடத்தை இழுத்துப் பிடித்துத் தைப்பதுதானே முப்பத்தைந்து வருடமாக என் பிழைப்பு. கோட்டுக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸை இரண்டு மடிப்பாக வெட்டி, முன்னால் பதினாலு கொக்கி வைத்து, மார்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு கச்சை தைத்துக்கொண்டேன். என் சர்வீஸிலேயே அவ்வளவு கச்சிதமாக எதுவும் உட்கார்ந்ததில்லை. வலியும் குறைந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அம்மா மட்டும் "மனுஷனுக்குத் தலையணை உறை தெச்சுப் போட்டா மாதிரி இருக்கு" என்றாள்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும், சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு அந்தப் பதினாலு கொக்கியையும் பார்த்தபடி நின்றார். பிறகு, மூச்சு ஆழமாகப் போகாததால் நுரையீரலின் அடியில் சளி தங்கிவிட்டது, இந்த நெஞ்சோடு விமானம் ஏற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. உன்னிடம் வர டிக்கெட் எடுத்தாயிற்று, உன் பிரசவத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வெட்கத்தை விட்டு அவர் முன்னால் அழுதேன். அவரும் கோபத்தை விட்டுவிட்டு மேஜைமேல் இருந்த எலும்பு மாடலை என் பக்கம் திருப்பினார். "விலா எலும்பு சும்மா கூடு இல்லீங்க, அது அசையறதுக்குத்தான் இருக்கு" என்றார்.

பன்னிரண்டு ஜோடியாம். எல்லாம் பின்னால் முதுகெலும்பில் மூட்டு போட்டுத் தொங்குகின்றன. மேலே உள்ள ஏழு ஜோடி, வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பு வழியாக முன்னால் நடுமார்பு எலும்பில் போய்ச் சேர்கின்றன, அடுத்த மூன்றும் தமக்கு மேலே உள்ளதைப் பிடித்துக்கொள்கின்றன, கடைசி இரண்டுக்கு முன்னால் பிடிமானமே கிடையாது. மூச்சு இழுக்கும்போது பக்கத்து எலும்புகள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவது போல வெளியே எழும்புகின்றன. நான் அந்தக் கைப்பிடிக்குத்தான் பதினாலு கொக்கி போட்டுப் பூட்டியிருக்கிறேன். முதுகெலும்பில் பார்த்தால், கழுத்தில் ஏழு கணு, அதற்குக் கீழே விலாவைத் தாங்கும் பன்னிரண்டு, இடுப்புக்கு மேலே ஐந்து. அந்த ஐந்து நன்றாகக் குனியும், ஆனால் திரும்புவது ரொம்பக் கொஞ்சம், திரும்பும் வேலை முக்கால்வாசி கழுத்துக்கும் நடுமுதுகுக்கும்தான். இத்தனை வருடம் ஊரார் மார்பையெல்லாம் அளந்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை பார்.

அன்று முதல் கச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மணிக்குப் பத்து ஆழ்ந்த மூச்சு, இருமல் வந்தால் விலாவில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவது, வலி குறைந்தபின் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டி மெல்ல இரு பக்கமும் திரும்புவது என்று ஒழுங்காகச் செய்கிறேன். மூச்சை விட்டு மார்பைச் சுற்றி ஒரு அளவு, இழுத்து ஒரு அளவு, அம்மாதான் இன்ச் டேப் பிடிக்கிறாள். முதல் நாள் வித்தியாசம் அரை இன்ச்கூட இல்லை. கடைக்கு வருகிறவர்களையும் விடுவதில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த கணக்கு வாத்தியார், "துணி தெக்க வந்தேனா, ஆஸ்பத்திரிக்கு வந்தேனா?" என்று கேட்டார். அவருக்கு இரண்டேகால் வந்தது, எனக்குப் பொறாமையாக இருந்தது. நீயும் பால் கொடுக்கும்போது குனிந்து கூன் போடாதே, மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உன் உயரத்துக்குக் கொண்டுவா.

நேற்று எனக்கு இரண்டு இன்ச் வந்துவிட்டது. அம்மா ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று மூன்று தடவை அளக்க வைத்தேன். புது எக்ஸ்ரேயும் சுத்தம். டாக்டரம்மா விமானம் ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார், மூன்று மாதத்துக்கு எடை மட்டும் தூக்கக் கூடாதாம். கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய், மூன்றே கால் கிலோ எடையில் சேருமா என்று கேட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டு, உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருங்கள். விமான நிலையத்துக்கு அவளையும் தூக்கிக்கொண்டு வா. மறக்காதே, நாங்கள் வெளியே வரும் வாசலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வை.

உன் அன்பு அப்பா